"துப்பாக்கி இறங்கியிருக்குது சார்!" - பள்ளிபாளையம் தறிப்பட்டறையில் ஒரு பேட்டரி ரைபிள்

பள்ளிபாளையம்:-

"சார், எங்க தெருவுல ஒரு வீட்டுல துப்பாக்கி இறங்கியிருக்குது. நாலடி நீளத்துக்குப் பெட்டி. நீங்களே வந்து பாருங்க."

போனில் பேசியவர் பெயரைச் சொல்லவில்லை. போலீஸ் செய்தி எழுதுகிறவனுக்கு இது போதாதா? நோட்டை எடுத்துக்கொண்டு ஈரோட்டில் இருந்து காவிரிப் பாலத்தைத் தாண்டினேன்.

வீட்டின் பின்பக்கம் தறிப்பட்டறை. நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நாலு தறி இருந்த இடம் காலியாகக் கிடந்தது. தரையில் போல்ட் பிடுங்கிய ஓட்டைகள்.

"வாங்க தம்பி, நீங்களும் வந்துட்டீங்களா? முந்தாநாள்தான் ஸ்டேஷன்ல இருந்து ஏட்டய்யா வந்து பில்லைப் பார்த்துட்டுப் போனாருங்க" என்று சிரித்தார் பட்டறைக்காரர். ஊர் பெயர் தெரிந்தால் போதும், தன் பெயர் பேப்பரில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

துப்பாக்கி அவருக்கு அல்ல. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்கு. 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கு ஆடுகிற பெண். இரண்டு வருஷமாக கிளப் ரைபிளை நாலு பேரோடு பங்கு போட்டு ஓட்டியவர். இந்த வாரம்தான் சொந்த ரைபிள் வந்திருக்கிறது. விலை லட்சங்களில். "எட்டுத் தறியில நாலை எடைக்குப் போட்டேனுங்க. மீதிக்குக் கடன்" என்றார் தகப்பனார். அதற்குமேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை.

மரமும் இல்லை, வெடியும் இல்லை!

போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்த நாட்டுத் துப்பாக்கிகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திறந்ததும் ஏமாந்துபோனேன். முழுக்க அலுமினியம். எங்கே பார்த்தாலும் திருகாணி. கன்னம் வைக்கும் கட்டையை ஏற்றலாம், இறக்கலாம். தோளில் பொருத்தும் கொக்கியை நீட்டலாம், சுருக்கலாம். தறிக்கு வந்த உதிரி பாகம் என்று சொன்னால் நம்பியிருப்பேன். போட்டி விதிப்படி மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது.

குழலுக்குக் கீழே ஒரு காற்று சிலிண்டர். கார் டயருக்கு பஞ்சர் கடையில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். இதில் 200 பார், அதாவது சுமார் 2,900 பவுண்டு! குண்டு 4.5 மில்லி மீட்டர். எடை சுமார் அரை கிராம். விநாடிக்கு சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது.

இதில் 'எலக்ட்ரானிக்' எங்கே வருகிறது? டிரிகரில்தான். சாதாரண ரைபிளில் டிரிகரை இழுத்தால் உள்ளே இரும்போடு இரும்பு உரசி, கொக்கி நழுவி, சுத்தி விழும். நாளாக ஆக அந்தக் கொக்கி தேயும். இதில் டிரிகர் வெறும் சுவிட்ச். விரல் பட்டதும் பேட்டரியில் இருந்து மின்சாரம் பாய்ந்து வால்வு திறக்கிறது. ஆயிரம் தடவை தொட்டாலும் ஒரே மாதிரி.

எனக்குப் புரியவில்லை. தகப்பனார்தான் புரிய வைத்தார். "ஏர்ஜெட் தறி பார்த்திருக்கீங்களா? அதுல நாடா கிடையாதுங்க. கரண்டு வந்து வால்வைத் திறக்கும், காத்து ஊடு நூலை அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போடும். இங்கே நூலுக்குப் பதிலா குண்டு. அவ்வளவுதான்!"

லைசென்ஸ் வேண்டாமா என்று கேட்பீர்கள். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லி மீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத சக்தியும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. இது 8 ஜூலைக்கூடத் தொடுவதில்லை. ஆனால் தெருவில் இரண்டு பேர், "ஆத்துல கொக்கு அடிக்கலாமா?" என்று கேட்டுவிட்டார்களாம். கொக்கு அடித்தால் 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் பாயும். அப்போது நான் வேறு மாதிரி செய்தி எழுத வருவேன்.

கரண்ட் போனால் பயிற்சி!

காலியான தறி இடம் சரியாக 33 அடி, அதாவது 10 மீட்டர். அந்தக் கோடியில் குண்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதன்மேல் அட்டை. வீட்டிலேயே ரேஞ்ச்!

ஆனால் தறி ஓடும்போது தரை அதிர்கிறது. அட்டையில் பத்துக்குரிய புள்ளி வெறும் அரை மில்லி மீட்டர். நின்றபடி சுட வேண்டும். அந்த அதிர்வில் ஒன்றும் நடக்காது. அதனால் தறி ஓடும் நேரத்தில் குண்டு போடாமல் வெறும் டிரிகரைத் தொட்டுப் பழகுகிறார். நிஜமாகச் சுடுவதற்குத் தறி நிற்க வேண்டும்.

"அப்பாவுக்கு கரண்ட் போனா நஷ்டம். எனக்கு அப்பத்தான் பிராக்டிஸ் அண்ணா" என்றார் அந்த மாணவி. சொல்லிவிட்டு அப்பா முகத்தைப் பார்க்காமல் குண்டு டப்பாவைத் திறந்தார்.

சொல்லி வைத்த மாதிரி 11 மணிக்கு மின்சாரம் நின்றது. காது அடைத்தது போல ஒரு அமைதி. கூரையில் பதித்த கண்ணாடித் தகடு வழியாக வெளிச்சம் இறங்கியது.

நானும் ஒரு கை பார்த்தேன். அட்டையைத் தவிர எந்தப் பக்கமும் குழலைத் திருப்பக்கூடாது, குறி பிடிக்கும்வரை டிரிகர் பக்கம் விரலே போகக்கூடாது என்று இரண்டு தடவை எச்சரித்த பிறகே கையில் கொடுத்தார். கறுப்பு வட்டம் ஓட்டைக்குள் ஆடியது. விரலை மெல்ல வைத்தேன். அவ்வளவுதான், 'டக்' என்று போய்விட்டது! நான் இன்னும் சுடவே ஆரம்பிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். தோளில் உதை இல்லை. புகை இல்லை. அட்டையின் ஓரத்தில் ஒரு பொத்தல். மார்க்கு 3.

கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2024 பாரீஸ் ஒலிம்பிக்கில் 60 குண்டுக்கு 630.7 எடுத்தார். ஒரு குண்டுக்கு சராசரி 10.5. அப்படியும் 10-வது இடம்தான், இறுதிச் சுற்றுக்கு எட்டுப் பேர். என் மூன்றை வைத்துக்கொண்டு இதை யோசித்தால் தலை சுற்றுகிறது.

டோக்கியோவில் நின்ற நேரம்

ரைபிள் வந்ததில் இருந்து இந்தப் பெண்ணுக்கு ஒரு பயமும் கூடவே வந்திருக்கிறது.

2021 ஜூலை 25. டோக்கியோ ஒலிம்பிக் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்று. மனு பாக்கர் 16 குண்டு சுட்டிருந்தார். அப்போது பிஸ்டலின் எலக்ட்ரானிக் டிரிகர் கோளாறாகிவிட்டது. சரி செய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. 38 நிமிடத்தில் 44 குண்டு சுட வேண்டிய நிலை. சுட்டார். 575 புள்ளி, 12-வது இடம். இரண்டே புள்ளியில் இறுதிச் சுற்று போயிற்று.

மூன்று வருஷம் கழித்து, 2024-ல் பாரீசில் அதே ஏர் பிஸ்டல் பிரிவில் வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் அவர்தான். அது தெரிந்த கதை. இந்த மாணவிக்கு மனதில் நிற்பது அந்தக் கால் மணி நேரம்தான்.

"கிளப் ரைபிள்ல தப்பாப் போனா டிரிகர் கனம்னு சொல்லித் தப்பிச்சுக்கலாம். இதுல அது முடியாது. தப்புன்னா என் தப்புதான். அதையும் தாங்கிக்கலாம். ஆனா நான் சரியாப் பிடிச்சிருக்கும்போது இது செத்துப்போச்சுன்னா?" என்று கேட்டார். ராத்திரி சார்ஜ் போட்டாரா என்று தகப்பனாரும் ஒரு தடவை எழுந்துவந்து பார்க்கிறாராம். பாவு அறுந்தால் முடிச்சுப் போடத் தெரிந்தவர் அவர். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சில்லு கெட்டால் முடிச்சுப் போட முடியாது. பார்சல் கட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் போட்டி. கிளப்பின் பழைய ரைபிள் ஒன்றைக் கைவசம் வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.

11.40-க்கு கரண்ட் வந்தது. நாலு தறியும் ஓட ஆரம்பித்தன. காலடியில் தரை நடுங்கியது. பெண் ரைபிளைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு நோட்டில் கணக்கு எழுதினார். அன்றைக்கு 22 குண்டு. என்னுடையதைச் சேர்க்கவில்லை.