படபடப்புக்குப் பின்னால் இரும்புச்சத்து

வளரிளம் பருவத்து மனப்பதற்றமும் இரத்தசோகையும் வெளியே காட்டும் அடையாளங்கள் பெரும்பாலும் ஒன்றே. நெஞ்சு படபடக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை சுற்றும், கை கால் சில்லிடும். இரவில் தூக்கம் பிடிக்காது. பகலில் அசதி விடாது. புத்தகத்தைத் திறந்தால் மனம் நிற்காது, யார் எது கேட்டாலும் எரிச்சல் வரும். கொல்கத்தாவின் பவானிபூரில் பத்தாம் வகுப்பு மாத்யமிக் தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு இவை வந்தால், 'பரீட்சை பயம்' என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள். இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைவு என்று தெரிந்துவிட்டாலோ, 'உடம்பில் இரத்தம் இல்லை, அவ்வளவுதான்' என்று ஒரு சத்து டானிக்கோடு விஷயம் முடிந்துவிடும். இரண்டு முடிவுமே அவசர முடிவுகள்.

மேற்கு வங்கத்தில் இந்தக் குழப்பத்துக்கு இடம் மிக அதிகம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அம்மாநிலத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 70.8 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 38.7 விழுக்காட்டினருக்கு. தமிழ்நாட்டில் அந்த வயதுப் பெண்களின் அளவு 52.9. இந்த ஆய்வு விரல் நுனியில் குத்தி எடுத்த இரத்தத்தைச் சோதித்தது. 2016-18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு நரம்பில் ஊசி போட்டு எடுத்த இரத்தத்தைச் சோதித்தது. நாடு முழுவதும் 10 முதல் 19 வயதுப் பெண்களில் 40, ஆண்களில் 18 விழுக்காடு என்று அதில் தெரிந்தது. விரல் குத்தி எடுக்கும் முறை இரத்தசோகையை மிகைப்படுத்துகிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் எந்த முறையில் அளந்தாலும் பெண் பிள்ளைகளின் சுமை ஆண் பிள்ளைகளைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. மனநலப் பக்கத்தில், 2015-16இல் நிமான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு 13 முதல் 17 வயதினரில் 3.6 விழுக்காட்டினருக்குப் பதற்றக் கோளாறு இருப்பதாகக் கணக்கிட்டது. இரத்தசோகை இவ்வளவு பரவலாக இருக்கும் ஊரில் இரண்டும் ஒரே பிள்ளையிடம் தற்செயலாகவும் சேர்ந்திருக்கலாம். எனவே சேர்ந்திருப்பதை மட்டும் வைத்து ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று சொல்லிவிட முடியாது.

இந்த வயதில் உடம்பு கேட்கும் இரும்புச்சத்தின் அளவு திடீரென்று கூடுகிறது. உயரமும் தசையும் இரத்த அளவும் ஒருசேர வளர்கின்றன. பெண்களுக்கு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வகுத்த பரிந்துரைப்படி 13 முதல் 15 வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும், பையனுக்கு 22. சோறும் பருப்பும் மட்டுமே நிறைந்த தட்டிலிருந்து இதைப் பெறுவது கடினம். தாவர உணவிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் குடல் ஏற்கிறது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கும் இரும்பு அதைவிட எளிதாகச் சேர்கிறது. சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் அந்தச் சிறு பங்கையும் குறைக்கிறது. அரசுப் பள்ளியின் மதிய உணவு எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. தேவை உச்சத்துக்குப் போகும் ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில், பள்ளிக்கும் ட்யூஷனுக்கும் இடையே பிஸ்கட்டும் தேநீருமே உணவாகிவிடுகின்றன. கொள்கை வகுப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டிய இடம் இதுதான்.

பதற்றமும் தன் பங்குக்குப் பசியைக் கெடுக்கிறது. வயிறு பிசைகிறது என்று காலை உணவைத் தள்ளும் பிள்ளை, தோற்றத்தைப் பற்றிய கவலையால் சோற்றைக் குறைக்கும் பிள்ளை, இவர்களுக்குப் பதற்றம் முந்தி, சத்துக்குறைவு பிந்தி.

இரும்புக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பு இரத்தத்தோடு முடிவதில்லை. மூளையில் டோபமின், செரட்டோனின் ஆகியவை உருவாகும் வேதிவினைகளின் முதற்படியில் வேலை செய்யும் நொதிகளுக்கு இரும்பு தேவை; நரம்பிழைகளைச் சுற்றிய மயலின் உறை உருவாகவும் அது தேவை. அதனால் ஹீமோகுளோபின் குறையும் முன்பே, சேமிப்பு மட்டும் தீர்ந்த நிலையிலும் மூளை பாதிக்கப்படலாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இரத்தசோகை இல்லாமல் இரும்புச் சேமிப்பு மட்டும் குறைந்திருந்த பள்ளிப் பெண்களுக்கு இரும்பு மாத்திரை கொடுத்தபோது, சொற்களைக் கற்று நினைவில் வைக்கும் திறன் கூடியதை 1996இல் வெளியான ஆய்வு காட்டியது. கவனத்தை அளந்த சோதனைகளில் மாற்றம் இல்லை. கோஸ்டாரிகாவில் கைக்குழந்தைப் பருவத்தில் கடுமையான இரும்புக்குறைவு இருந்தவர்களைப் பத்தாண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்தபோது, அவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் சற்று அதிகமாக இருந்தன. தைவானின் தேசியக் காப்பீட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டுக் கட்டுரையும், இரும்புக்குறை இரத்தசோகை இருந்த சிறார்களிடம் பதற்றக் கோளாறு கூடுதலாகப் பதிவாகியிருப்பதைக் கண்டது. இவையெல்லாம் தொடர்பைக் காட்டுகின்றன. இரும்பு மாத்திரை பதற்றத்தைக் குணப்படுத்தும் என்பதற்கான நிரூபணமாக இவற்றைக் கொள்ள முடியாது.

இன்னொரு வழி நேரடியானது. ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு குறைந்தால் இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டுகிறது. ஏற்கெனவே பயந்த சுபாவமுள்ள பிள்ளை அந்தத் துடிப்பை 'ஏதோ நடக்கப்போகிறது' என்று எடுத்துக்கொள்கிறது. பயம் துடிப்பை மேலும் கூட்டுகிறது. அப்படியே அது பீதித் தாக்குதலாக முற்றுவதும் உண்டு. படுத்தவுடன் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் அமைதியற்ற கால் நோய்க்கும் இரும்புக்குறைவு ஒரு காரணம். பல இரவுகள் தூக்கம் கெட்டால் எந்தப் பிள்ளையின் மனமும் நிலைகொள்ளாது.

இரும்பைப் போலப் பேசப்படாதவை பி12, ஃபோலேட் ஆகிய வைட்டமின்கள். 2016-18 ஆய்வில் இந்திய வளரிளம் பருவத்தினரில் 31 விழுக்காட்டினருக்கு பி12, 37 விழுக்காட்டினருக்கு ஃபோலேட், 24 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி குறைவாக இருந்தன. ஃபோலேட்டின் கதையே இந்தியாவில் தொடங்கியது: 1928 முதல் பம்பாயில் கர்ப்பிணி ஆலைத் தொழிலாளர்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ், ஈஸ்ட் சாற்றில் அதைக் குணப்படுத்தும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். பவானிபூரின் ஜதுபாபு பஜாரில் மீன் வாங்கும் வங்காளிக் குடும்பத்துக்கு பி12 ஓரளவு தட்டிலேயே கிடைத்துவிடுகிறது. அதே பகுதியின் குஜராத்தி, மார்வாடி வீடுகளுக்கும், தெற்கே லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்ச் சைவ வீடுகளுக்கும் பாலும் தயிருமே வழி. பால் பிடிக்காத பிள்ளைக்கு அதுவும் அடைபடும். கை கால் மரத்துப்போதல், நாக்குப் புண், மறதி, எரிச்சல் ஆகியவை பி12 குறைவின் அடையாளங்கள். இதைப் பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் கொடுத்தால் இரத்தசோகை சரியாகிவிடும்; நரம்புச் சேதம் மறைவாகத் தொடரும். வைட்டமின் டி பற்றிய நம்பிக்கைதான் ஆதாரத்தை மீறி வளர்ந்துவிட்டது. ஐம்பது வயதைக் கடந்த 18,000க்கும் மேற்பட்டோரிடம் அமெரிக்காவில் நடந்த சோதனை, அந்த மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கவில்லை என்று 2020இல் காட்டியது. எலும்புக்காகக் குறையைத் தீர்ப்பது சரி. மன அமைதிக்காக வாராவாரம் பெரிய அளவு விழுங்குவது சரியில்லை.

பரிசோதனையில் வங்காளத்துக்கே உரிய பொறி ஒன்று உண்டு. சிவப்பணு சிறுத்து வெளிறியிருந்தால் இரும்புக்குறைவு என்று உடனே எழுதிவிடும் வழக்கம் இங்கே ஆபத்தானது. பீட்டா தலசீமியாவையும் ஹீமோகுளோபின் ஈ என்ற மாற்றத்தையும் நோயின்றிச் சுமப்பவர்கள் இப்பகுதியில் ஏராளம். அவர்களின் சிவப்பணுவும் சிறுத்தே இருக்கும். இவ்விரண்டும் சேர்ந்து உண்டாகும் நோயை விரிவாக ஆராய்ந்தவர் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஜே.பி. சாட்டர்ஜி. இரும்புக்குறை இல்லாத சுமப்பாளருக்கு மாதக்கணக்கில் இரும்பு கொடுப்பது வீண். மறுபக்கம், சுமப்பாளருக்கும் இரும்புக்குறை வரலாம். அப்போது தலசீமியாவைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ2 அளவு இறங்கி, சுமப்பே கண்ணில் படாமல் போகலாம். ஆகவே முழு இரத்த எண்ணிக்கையோடு, இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்க வேண்டும், தேவையானால் ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் பரிசோதனையையும். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழ் இருந்தால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் காய்ச்சலோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயரும். தைராய்டு மிகைச் சுரப்பும் பதற்றத்தைப் போலவே தோன்றும் என்பதால் அதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. அதிக உதிரப்போக்கு உண்டா என்று பெண்ணிடம் தனியாகக் கேட்க வேண்டும். அம்மா எதிரில் பலரும் சொல்வதில்லை.

பள்ளிகளில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. ஆண்டுக்கு இருமுறை குடற்புழு நீக்க மாத்திரையும் உண்டு. இவை தடுப்புக்கானவை. குறை உறுதியானவருக்கு மருத்துவர் சொல்லும் சிகிச்சை அளவு வேண்டும். இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் என்ற சுரப்பு உயர்ந்து, அடுத்த ஒரு நாளுக்குக் குடலின் ஏற்புத்திறனைக் குறைக்கிறது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட முடிவின்படி, ஒருநாள் விட்டு ஒருநாள் உண்ணும்போது மாத்திரையிலுள்ள இரும்பில் அதிகப் பங்கு சேர்கிறது. வயிற்றுப் புரட்டலால் மாத்திரையை நிறுத்திவிடும் பிள்ளைகளுக்கு இது ஆறுதலான செய்தி. மலம் கறுப்பது இயல்பே. ஹீமோகுளோபின் சில வாரங்களில் ஏறத் தொடங்கும். அது சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப ஏறக்குறைய மூன்று மாதம் தொடர வேண்டும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரையைப் பூட்டி வைக்க வேண்டும். அளவு மீறிய இரும்பு குழந்தையின் உயிரைப் பறிக்கும். சாப்பாட்டில் எலுமிச்சை பிழிவது, கொய்யா, நெல்லிக்காய் சேர்ப்பது, தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிப்போடுவது, மௌரலா போன்ற சிறுமீன்களை முழுசாக உண்பது ஆகியவை நல்ல துணை. ஆனால் தீர்ந்துபோன சேமிப்பை உணவு மட்டும் விரைவில் நிரப்பாது.

பதற்றத்துக்கான சிகிச்சை இவற்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. பவானிபூரின் டி.எல். கான் சாலையில், எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையைச் சேர்ந்த மனநல மருத்துவ நிலையம் இருக்கிறது. ஆங்கிலேயர் ஆட்சியில் பவானிபூரில் இருந்த மனநோய்க் காப்பகம் ஐரோப்பியருக்கானது. இன்று அரசு மருத்துவமனையின் வெளிநோயாளர் சீட்டு எடுக்கும் எவருக்கும் வழி உண்டு. வளரிளம் பருவத்தினருக்கான அரசு ஆலோசனை மையங்கள் மேற்கு வங்கத்தில் 'அன்வேஷா' என்ற பெயரில் இயங்குகின்றன. 2022 அக்டோபர் 10 முதல் செயல்படும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைக்கலாம். எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் உளவியல் சிகிச்சைக்கு இந்த வயதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பேச்சு, பள்ளிக்கே போக மறுப்பது, எடை வேகமாகக் குறைவது, மயங்கி விழுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் பரிசோதனை முடிவு வரும்வரை தாமதிக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினையும் பதற்றத்தின் அளவையும் சேர்த்தே மறுபடி பார்க்க வேண்டும்: இரும்பு நிரம்பியும் படபடப்பு நீடித்தால் உளவியல் சிகிச்சையைத் தீவிரப்படுத்துவது, இரும்பு நிரம்பவே இல்லையென்றால் உதிரப்போக்கு, குடற்புழு, குடலின் ஏற்புக்குறைவு ஆகியவற்றைத் தேடுவது.