மேலோகத்துப் பேரேடு

பி.காம். படித்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கல்யாண வீட்டில் மொய் நோட்டைப் பார்த்தால், பந்தியை மறந்துவிட்டு மனசுக்குள் கூட்டல் போடுவார்கள். எனக்கு அது முற்றிய நிலை. காஞ்சிபுரத்துக்கு வருகிற ஜனம் காமாட்சியைப் பார்க்கும், ஏகாம்பரநாதரைப் பார்க்கும், பட்டுப்புடவைக் கடையில் மூன்று மணி நேரம் உட்காரும். நான் நேரே நெல்லுக்காரத் தெருவுக்குப் போவேன். அங்கே சித்ரகுப்தனுக்குத் தனிக்கோயில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணி, இன்னொரு கையில் ஏடு. எமதர்மராஜாவின் ஹெட் அக்கவுண்டன்ட். வடக்கே காயஸ்தர்கள் இவரைத் தங்கள் குல முதல்வராகவே கும்பிடுகிறார்கள். தீபாவளி முடிந்த இரண்டாம் நாள் பேனாவையும் மைக்கூட்டையும் வைத்துப் பூஜை. நம் தொழிலுக்கும் ஒரு சாமி இருக்கிறாரே என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

'எல்லா மதமும் ஒண்ணுதான் சார், வழிதான் வேற' என்று டீக்கடையில் சொல்பவர்கள் உண்டு. நல்ல மனசுக்காரர்கள். ஆனால் ஆடிட்டர் ஒத்துக்கொள்ள மாட்டார். பொய் சொல்லாதே, திருடாதே, பசித்தவனுக்குச் சோறு போடு என்பதில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே சரக்கைத்தான் விற்கின்றன. கணக்கு எழுதும் முறையில்தான் கட்சி பிரிகிறது. யார் எழுதுவது, பாக்கி நின்றால் யார் தள்ளுபடி செய்வது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மதமும் அதனதன் சுயரூபத்தைக் காட்டும்.

நம் வீட்டிலிருந்தே ஆரம்பிக்கலாம். கர்மக் கணக்கில் எடுத்த எடுப்பிலேயே ஓப்பனிங் பாலன்ஸ் உண்டு. முந்தைய ஜன்மங்களில் சேர்ந்தது எல்லாம் சஞ்சிதம். அதில் இந்த ஜன்மத்துக்கென்று முதிர்ந்து கைக்கு வந்த பகுதி பிராரப்தம். இப்போது இந்த நிமிஷம் நீங்கள் போட்டுக்கொண்டிருக்கும் புது என்ட்ரி ஆகாமியம். இதுவரை நமக்குப் புரிகிறது. அடுத்த வரிதான் தூக்கி வாரிப்போடும். இந்தக் கணக்கில் புண்ணியம் மிச்சம் நின்றாலும் தொந்தரவுதான். அதை அனுபவித்துத் தீர்க்க இன்னொரு பிறவி எடுத்தாக வேண்டும். பாவம் இரும்பு விலங்கு என்றால் புண்ணியம் பொன் விலங்கு. லாபம் காட்டுவது லட்சியமே இல்லை. கணக்கையே குளோஸ் பண்ணுவதுதான் லட்சியம்!

சைவ சித்தாந்தம் இருவினையொப்பு என்கிறது. நல்வினைப் பயன் வந்தாலும் தீவினைப் பயன் வந்தாலும் மனசு ஒரே மட்டமாக நிற்கிற பக்குவம். கீதை, வேலையைச் செய், பலனை உன் பேரில் வரவு வைக்காதே என்கிறது. இன்க்ரிமென்ட் மாதத்தில் எந்த ஆபீஸிலாவது இதைச் சொல்லிப் பாருங்கள், எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரியும்.

பௌத்தத்துக்குப் போனால் இன்னும் சிக்கல். வினை உண்டு, மறுபிறப்பு உண்டு. ஆனால் கணக்குதாரரே கிடையாது! நிலையான ஆத்மா என்று ஒன்று இல்லை என்பது புத்தரின் அடிப்படைப் போதனை. அப்படியென்றால் போன ஜன்மத்துப் பாக்கியை யாரிடம் வசூலிப்பது? மிலிந்தன் என்ற கிரேக்க ராஜா, கி.மு. 2ஆம் நூற்றாண்டில் நம் துணைக்கண்டத்தின் வடமேற்கை ஆண்டவன், நாகசேனர் என்ற பிட்சுவிடம் இதைத்தான் கேட்டதாக மிலிந்த பன்ஹா என்ற பாலி நூல் சொல்கிறது. நாகசேனர் சொன்ன உதாரணம் அருமையானது. ஒருத்தன் மாம்பழம் திருடி மாட்டிக்கொள்கிறான். 'இந்த ஆள் நட்டது வேறு மாங்கொட்டை, நான் எடுத்தது வேறு மாம்பழம். இவர் பொருள் எதையும் நான் தொடவில்லை' என்று வாதாடினால் விடுவீர்களா? ராஜா, விடமாட்டேன் என்கிறான். பழம் அந்தக் கொட்டையிலிருந்துதானே வந்தது? அதே மாதிரி, இவன் அவனே இல்லை. ஆனால் அவனிலிருந்து வந்தவன். ஆகவே கடன் தொடரும்.

கொலைகாரன் அங்குலிமாலன் கதையும் எனக்குப் பிடிக்கும். ஆட்களைக் கொன்று விரல்களை மாலையாகக் கோத்துப் போட்டுக்கொண்டவன். புத்தரைச் சந்தித்துத் துறவியாகி, கடைசியில் அர்ஹந்த் நிலையையே எட்டிவிடுகிறான். உச்சபட்சப் பதவி. அதற்குப் பிறகும் சிராவஸ்தியில் பிச்சைக்குப் போனபோது கல்லும் கட்டையும் வந்து விழுந்து மண்டை உடைந்தது. ரத்தம் ஒழுக வந்து நின்றவரிடம் புத்தர் என்ன சொன்னார்? பொறுத்துக்கொள், ஆயிரக்கணக்கான வருஷம் நரகத்தில் அனுபவிக்க வேண்டியதை இங்கேயே அனுபவிக்கிறாய் என்றார். தள்ளுபடி இல்லை. ஒரே தவணையில் செட்டில்மென்ட், அவ்வளவுதான்.

சமணம் இன்னும் கறார். அங்கே கர்மம் என்பது உபமானம் இல்லை, நிஜமாகவே ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாத தூசி மாதிரி உயிரின் மேல் வந்து ஒட்டுகிறது. மேலே உட்கார்ந்து எழுத ஆளே வேண்டாம், தானியங்கி மீட்டர். தெரியாமல் எறும்பை மிதித்தாலும் ஓடும். தவம் இருந்துதான் உதிர்க்க வேண்டும். செயலைவிட எண்ணம்தான் முக்கியம் என்று புத்தர் தரப்பு. உடம்பால் செய்வதுதான் பெரிது என்று சமணர் தரப்பு. இதற்காக வாதம் பண்ணப்போன நாலந்தாவின் உபாலி என்ற பணக்காரர் புத்தரிடமே சேர்ந்துவிட்டதாகக் கதை. இது பௌத்தர்கள் எழுதி வைத்தது. சமணர்கள் எழுதியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

இதையெல்லாம் நான் ஏதோ பொழுதுபோக்காகத்தான் படித்துக்கொண்டிருந்தேன், ஒரு நண்பர் தன் கேஸைச் சொல்லும் வரை. என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். ஒரு ஆபீஸில் சீனியர் அக்கவுண்டன்ட். கம்பெனிப் பணத்தில் பத்து பைசா தொடாதவர். இருபது வருஷத்துக்கு முன்னால் பாகப்பிரிவினையில் சொந்தத் தம்பியை ஏமாற்றியிருக்கிறார். ஒரு மனையின் விலையைக் குறைத்துக் காட்டி, தம்பிக்குச் சேரவேண்டியதில் 40,000 ரூபாயைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டார். தம்பிக்குக் கடைசிவரை தெரியாது. ஒரு நாள் மாரடைப்பு, தம்பி போய்விட்டான்.

"ராமேஸ்வரம் போயிட்டு வந்தேன் தம்பி. காசிக்கும் போய் வந்துட்டேன். குறையலை" என்றார். "உண்டியல்ல அந்த நாப்பதாயிரத்தை அப்படியே போட்டுடலாமான்னு யோசிக்கிறேன். கணக்கு நேராயிடுமா?"

சிரிக்க முடியவில்லை. கடன்காரன் ஒருவன் இருக்க, வேறொருவருக்குப் பணம் கட்டினால் ரசீது கிடைக்கலாம், பாக்கி தீருமா? இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற மதங்கள் பக்கம் போனேன்.

இஸ்லாத்தில் ஓப்பனிங் பாலன்ஸ் கிடையாது. ஒரே ஜன்மம், புது நோட்டு. ஒவ்வொரு மனிதனுடனும் இரண்டு மலக்குகள் இருந்து எழுதுகிறார்கள். கண்ணியமிக்க எழுத்தாளர்கள் என்று குர்ஆன் அவர்களுக்குப் பட்டம் கொடுக்கிறது. மறுமை நாளில் அந்த ஏடு வலது கையில் கிடைத்தால் பிழைத்தான். இடது கையில் என்றால் தீர்ந்தான். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க முடியாது. ஆனால் எழுதும் முறையில் தாராளம் உண்டு. நல்லது செய்ய நினைத்தாலே ஒரு நன்மை வரவு. செய்துவிட்டால் பத்து மடங்கிலிருந்து எழுநூறு மடங்கு வரை. கெட்டது செய்தால் ஒன்றுக்கு ஒன்றுதான். நினைத்துவிட்டு இறைவனுக்குப் பயந்து கைவிட்டால் அதுவும் நன்மையாகவே பதிவாகும். (இதை நல்ல வட்டி என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் கோபித்துக்கொள்வார், வேண்டாம்.)

இவ்வளவு தாராளமான இடத்தில்தான் ஒரு கடுமையான ஷரத்தும் இருக்கிறது. திவாலானவன் யார் தெரியுமா என்று நபிகள் நாயகம் தோழர்களிடம் கேட்டார். காசு பணம் இல்லாதவன் என்றார்கள். மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் என்று நாம் சொல்வோமே, அதே பதில்தான். நபிகள் சொன்னது வேறு. ஒருவன் மறுமையில் தொழுகை, நோன்பு, ஜகாத் என்று மூட்டை மூட்டையாய் நன்மையோடு வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவனை அடித்திருப்பான், இன்னொருவன் சொத்தைத் தின்றிருப்பான். அவர்கள் எல்லாரும் வரிசையில் வந்து நிற்பார்கள். இவன் நன்மைகளை எடுத்து அவர்களுக்குப் பட்டுவாடா நடக்கும். நன்மை தீர்ந்து, ஆள் பாக்கி இருந்தால்? அவர்கள் பாவத்தை எடுத்து இவன் தலையில் ஏற்றுவார்கள். அவன்தான் திவாலானவன்.

கடன் விஷயத்தில் நபிகள் காட்டிய கறாரைப் பார்த்தால் எந்த பாங்க் மேனேஜரும் எழுந்து நிற்பார். அடைக்கப்படாத சில தீனார் கடனோடு இறந்த ஒருவருக்கு ஜனாஸா தொழுகை நடத்தத் தயங்கினார். அபூ கதாதா என்ற தோழர், கடன் என் பொறுப்பு என்று ஜாமீன் நின்ற பிறகுதான் தொழுதார். இறைவழியில் உயிரைக் கொடுத்தவனுக்குக்கூட எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்றும் ஹதீஸ் உண்டு.

யூதர்களும் இதே கட்சி. வருஷப் பிறப்பில் ஏடு திறக்கிறது. பத்தாம் நாள், யோம் கிப்பூர் அன்று, முத்திரை விழுகிறது. நம் ஏப்ரல் 1, மார்ச் 31 மாதிரி இல்லை. மொத்தக் காரியத்துக்கும் பத்தே நாள் அவகாசம். 25 மணி நேரம் பச்சைத் தண்ணீர் கூட இல்லாமல் உபவாசம். ஆனால் சுமார் கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டநூல் அடித்துச் சொல்கிறது: கடவுளுக்கும் உனக்கும் உள்ள பாக்கியைத்தான் இந்த உபவாசம் தீர்க்கும். சக மனிதனுக்குச் செய்த பாவம், அவனைச் சமாதானப்படுத்தும் வரை தீராது. 12ஆம் நூற்றாண்டில் மைமோனிடீஸ் என்ற மேதை இதற்கு நடைமுறையே எழுதி வைத்தார். அவன் மன்னிக்காவிட்டால் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போ. மூன்று தடவை கேள். அப்புறமும் முறுக்கினால் பாவம் அவன் பக்கம் போய்விடும். ஆள் செத்துப்போயிருந்தால்? பத்து பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், இன்னாருக்கு இன்னது செய்தேன் என்று வாய்விட்டுச் சொல். பணம் தரவேண்டியிருந்தால் வாரிசிடம் கொடு.

நண்பரிடம் இதைப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாமதான் எரிச்சுடறோமே, கல்லறைக்கு எங்கே போறது?" என்றார். கொஞ்சம் கழித்து, "பத்து பேர் முன்னால சொல்லணுமா?" என்றார். பணம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, வட்டி போட்டுத் தரவும் தயார். அந்தப் பத்து பேரில்தான் இடித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி மனைவி வீட்டுக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கிறிஸ்தவத்துக்கு வரும்போது நம் தொழிலுக்கே வேட்டு. டபுள் என்ட்ரி முறையை முதன்முதலில் அச்சுப் புத்தகத்தில் விளக்கி 1494இல் வெனிஸில் வெளியிட்ட லூகா பாச்சோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி. அவர் சார்ந்த மதமோ, அடிப்படையில் கணக்கு டாலி ஆகாது, ஆகவும் வேண்டாம் என்று சொல்கிற மதம்! மத்தேயு சுவிசேஷத்தில் ஏசு ஒரு கதை சொல்கிறார். ராஜாவுக்கு ஒரு வேலைக்காரன் பதினாயிரம் தாலந்து பாக்கி. ஒரு தாலந்து சுமார் 6,000 தினாரி. ஒரு தினாரி ஒரு நாள் கூலி. பெருக்கிப் பாருங்கள், 6 கோடி நாள் கூலி! இ.எம்.ஐ. போட்டுக் கட்டுகிற கடனா அது? ராஜா முழுசாகத் தள்ளுபடி செய்துவிட்டார். அவன் வெளியே வந்ததும், தனக்கு 100 தினாரி தரவேண்டிய சகாவின் கழுத்தைப் பிடித்தான். ராஜாவுக்குத் தெரிந்தது, தள்ளுபடி ரத்து. உன் பாக்கி மன்னிக்கப்பட்டதென்றால் நீயும் அடுத்தவன் பாக்கியை மன்னித்தாக வேண்டும். அதற்காகத் திருடியதை வைத்துக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. வரி வசூலித்துக் கொழுத்த சகேயு, ஏசுவைச் சந்தித்ததும் அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான்.

இங்கேயும் மனிதன் விடவில்லை, கணக்கைக் கொண்டுவந்து நுழைத்தான். புனிதர்கள் தங்கள் தேவைக்கு மேல் சேர்த்த புண்ணியமும் ஏசுவின் புண்ணியமும் திருச்சபையிடம் ஒரு பொக்கிஷமாக இருக்கிறது என்று போப் ஆறாம் கிளமென்ட் 1343இல் அறிவித்தார். நம் பாஷையில் ரிசர்வ் ஃபண்ட். அதிலிருந்து தண்டனைக் குறைப்புச் சீட்டு வழங்கி, கடைசியில் ரோமில் தேவாலயம் கட்டப் பணம் திரட்டும் அளவுக்குப் போனது. 1517இல் மார்ட்டின் லூதர் எழுந்து கேள்வி கேட்டார், சபை இரண்டானது. மீட்பு அருளால்தான் என்று இரண்டு தரப்பும் சேர்ந்து ஆக்ஸ்பர்க்கில் கையெழுத்துப் போட்டது 1999 அக்டோபர் 31இல். 482 வருஷத்து சஸ்பென்ஸ் அக்கவுண்ட்.

இதைப் படித்து நாம் சிரிக்கக்கூடாது. ஸ்ரீரங்கத்துக்கும் காஞ்சிக்கும் நடுவே நம் வைணவர்கள் போட்ட சண்டையும் கிட்டத்தட்ட இதுதான். பெருமாளை ஜீவன் குரங்குக்குட்டி மாதிரி இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், நம் முயற்சியும் கொஞ்சம் வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டி மாதிரி சும்மா கிட, தாய் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. நெற்றி நாமத்தை வைத்து ஜோக் அடிப்பவர்களுக்கு, உள்ளே இவ்வளவு பெரிய கேள்வி இருப்பது தெரியாது.

ஏசு சொன்ன இன்னொரு கதையை ஆபீஸில் லஞ்ச் நேரத்தில் சொல்லிப் பாருங்கள், ரகளை கேரண்டி. திராட்சைத் தோட்டத்துக்காரர் ஒருவர் காலையிலேயே ஒரு தினாரி கூலி பேசி ஆள் அமர்த்துகிறார். ஒன்பது மணிக்குச் சில பேர், பன்னிரண்டுக்கு, மூன்றுக்குச் சில பேர். சாயங்காலம் ஐந்து மணிக்குக்கூட, எங்களை யாரும் கூப்பிடவில்லை என்று தெருவில் நின்றவர்களை அழைத்துப் போகிறார். ஆறு மணிக்குப் பட்டுவாடா. கடைசியில் வந்தவனுக்கு முதல் கவர், அதில் முழுசாக ஒரு தினாரி. நாள் பூரா வெயிலில் காய்ந்தவனுக்கும் அதே ஒரு தினாரிதான். அவர்கள் முணுமுணுக்க, பேசிய கூலியைத் தந்துவிட்டேனே, என் பணத்தை நான் இஷ்டப்படி கொடுக்கக்கூடாதா என்கிறார் முதலாளி.

காலையிலேயே வந்தவர்கள் அதற்கு என்ன சொன்னார்கள், மறுநாள் வேலைக்கு வந்தார்களா என்பது கதையில் இல்லை.