அழத் தெரிந்தவனே கேள்வி கேட்பான்

வருங்கால உலகத்தைக் கற்பனை செய்த நாவல்களிலே மனிதன் பெரிதும் இழப்பது உரிமையையா, உணர்வையா? இதுதானே தலைப்பு? எதிரணி நண்பர், ஜார்ஜ் ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட '1984' நாவலைச் சொல்லி, போலீஸ், சிறை, சித்திரவதை என்று மிரட்டிவிட்டார். நானே பயந்துபோயிட்டேன்! ஆனால் ஐயா, அடித்தால் வலிக்கும்; வலித்தால் கத்துவோம். அடிக்காமலே அடக்கிவிட்டால் யார் கத்துவது?

ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932-இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' காட்டுவது அந்த உலகத்தைத்தான். அங்கே குழந்தையைத் தாய் பெறுவதில்லை, புட்டியிலே வளர்க்கிறார்கள். ஆல்ஃபா முதல் எப்ஸிலான் வரை ஐந்து சாதி. கடைசிச் சாதியான எப்ஸிலான் கருவுக்கு ஆக்ஸிஜனைக் குறைத்துவிடுவார்கள். மூளை வளராது, அப்புறம் கேள்வி எங்கேருந்து வரும்? மனசு வாடினால் 'சோமா' என்று ஒரு மாத்திரை. 'அம்மா' என்பது அங்கே கெட்ட வார்த்தைங்க!

அந்த உலகத்துக்கு வெளியே, தாய் வயிற்றில் பிறந்தவன் ஜான். லண்டனுக்கு வருகிறான். அவன் தாய் லிண்டா ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறாள். அங்கே ஒரு கூட்டம் சின்னப் பிள்ளைகள். எதுக்கு? சாவைப் பார்த்து வருத்தப்படாமல் இருக்கப் பழக்குகிறார்களாம்! உயிர் பிரிகிறது. ஜான் மண்டியிட்டுத் தேம்பி அழுகிறான். நர்ஸுக்கு ஒரே கவலை, இவன் அழுகையைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப்போகுமே என்று. உடனே, சாக்லேட் பலகாரம் யாருக்கு வேணும் என்று கேட்கிறாள்.

அழுதால் என்ன குடி முழுகிவிடும்? 'இந்த உயிருக்கு ஈடு இல்லை' என்று சொல்வதுதான் அழுகை. ஓர் உயிருக்கு ஈடு இல்லை என்றால் எந்த உயிருக்கும் ஈடு இல்லையே! ஆளை அச்சில் வார்த்து வேலை வாங்குகிறவன் இதை எப்படிப் பொறுப்பான்?

அழுத கண்ணோடு ஜான் கீழே இறங்குகிறான். வேலை முடிந்த 162 டெல்டா ஊழியர்கள் மாத்திரைக்குக் காத்து நிற்கிறார்கள். அத்தனை பேருக்கும் இரண்டே முக அச்சு. தாய்க்காக அழுத கண்ணுக்கு அவர்கள் அடிமைகளாகத் தெரிகிறார்கள். 'இது விஷம்' என்று கத்தி, மாத்திரைகளை ஜன்னல் வழியே வீசுகிறான். அவர்களே அவன்மேல் பாய்கிறார்கள். போலீஸ் வந்து சோமாப் புகை அடித்து அடக்குகிறது. தோற்றுப்போனான் ஐயா. ஆனாலும் உரிமைக்குரல் எங்கே பிறந்தது? அந்த மரணப் படுக்கை அருகிலே!

ஒரு துக்க வீட்டிலே, பாட்டியை இழந்த பேரனை, 'ஆம்பளப் புள்ள அழலாமா?' என்று அதட்டி, கையில் பிஸ்கட் கொடுத்து டி.வி. முன்னால் உட்கார வைத்தார்கள். எனக்கு அந்த நர்ஸ் ஞாபகம் வந்தது. இவ்வளவு படித்த நானும் பேசாமல் வந்துவிட்டேன். அந்தக் குறை தீரத்தான் இங்கே பேசுகிறேன்.

தாய்மார்களே, பிள்ளையை அழவிடுங்கள். தன் வீட்டுத் துக்கத்தை அறிந்தவன்தான் அடுத்தவன் துன்பத்துக்காக வாய் திறப்பான். உணர்வை இழந்தவனுக்கு உரிமை போனதே தெரியாது! ஆகவே, மனிதன் பெரிதும் இழப்பது உணர்வையே என்று கூறி அமர்கிறேன்.