காணொலிக் கூட்டத்துக்கு ஒரு காப்பு நகல்

கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் பெங்களூரைத் தவிர தார்வாடிலும் கலபுரகியிலும் கிளைகள் உண்டு. 2020-இல் கொரோனா வந்தபின் வழக்கறிஞர்கள் காணொலி மூலம் வாதாடப் பழகினர். 2023 டிசம்பரில் விஷமிகள் உள்ளே புகுந்து ஆபாசக் காட்சிகளைக் காட்டியதால், நீதிமன்றம் அந்த வசதியை நிறுத்தி வைத்தது. காணொலி நின்றால் எத்தனை பேர் தவிப்பார்கள் என்பதை அன்று ஊரே கண்டது.

சில அலுவலகங்கள் காணொலிக் கூட்டங்களுக்குச் சொந்தமாகவே சர்வர் வைத்துக்கொள்கின்றன. அது பழுதடைந்தால் என்ன செய்வது? இந்தப் பணியில் இருப்பவர்கள் நம் சங்கத்துக் குடும்பங்களிலும் உண்டு என்பதால் இதைச் சற்று விளக்கலாம்.

எதைக் காக்க வேண்டும்?

இயந்திரத்தைக் கடையில் வாங்கிவிடலாம். அதில் நாம் செய்து வைத்த அமைப்புகளை வாங்க முடியாது. பிணைய முகவரிகள், எந்த அழைப்பு எங்கே போக வேண்டும் என்ற விதிகள், பாதுகாப்புச் சான்றிதழ்கள், அவற்றின் ரகசியச் சாவிகள், உரிமக் கோப்பு ஆகியவை அதில் அடங்கும். மாதக்கணக்கில் சிறிது சிறிதாகச் செய்த வேலை இது. கூட்டங்களின் ஒளிப்பதிவுகள் இதில் சேரா. அவற்றுக்குத் தனி நகல் வேண்டும்.

எப்படி எடுப்பது?

சிஸ்கோ மீட்டிங் சர்வரை உதாரணமாகக் கொள்வோம். 2016-இல் சிஸ்கோ வாங்கிய அக்கேனோ நிறுவனத்தின் படைப்பு இது. 'பேக்கப் ஸ்னாப்ஷாட்' என்ற கட்டளையைக் கொடுத்தால் அமைப்புகள் ஒரே கோப்பில் சேர்கின்றன. அந்தக் கோப்பு அதே சர்வரில்தான் இருக்கும். சர்வர் போனால் கோப்பும் போகும்! ஆகவே உடனே வேறு கணிப்பொறிக்கு மாற்றிவிட வேண்டும். கோப்பின் பெயரில் தேதியையும் மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறிப்பது நல்லது. ரகசியச் சாவிகள் உள்ளே இருப்பதால், கண்ட இடத்தில் போட்டு வைக்கக் கூடாது.

திரும்ப ஏற்றும்போது

'பேக்கப் ரோல்பேக்' கட்டளை அமைப்புகளோடு உரிமக் கோப்பு, சான்றிதழ்கள், சாவிகள் அனைத்தையும் அழித்துப் பழையவற்றை எழுதிவிட்டு, சர்வரை மறுபடி தொடக்கும். அந்தச் சமயம் நடந்துகொண்டிருக்கும் கூட்டங்கள் அறுந்துபோகும். உரிமம் அந்தந்த இயந்திரத்தின் மேக் முகவரியோடு பிணைக்கப்பட்டது. புதிய இயந்திரத்தில் பழைய நகலை ஏற்றினால் புதிய உரிமம் அழிந்து, பழையது செல்லாமல் போகும். எனவே புதிய உரிமத்தையும் சான்றிதழ்களையும் முன்னதாகவே தனியே எடுத்து வைக்க வேண்டும்.

ஒத்திகை அவசியம்

2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கியத் தரவுகளை அழித்துவிட்டார். பல வகைகளில் நகல் எடுக்க ஏற்பாடு இருந்தும், அவசரத்துக்கு ஒன்றும் உதவவில்லை. நகலெடுக்கும் மென்பொருளின் பதிப்பு பொருந்தாமல் வெகுநாளாகத் தோல்வி கண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. தற்செயலாக 6 மணி நேரம் முன்பு ஒருவர் கையால் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரத் தரவுகள் போனவை போனவைதான்.

நகல் இருக்கிறது என்ற நிம்மதி மட்டும் போதாது. ஆண்டுக்கு ஓரிரு முறையாவது உதிரி இயந்திரத்தில் அதை ஏற்றி, ஓர் அழைப்பு விடுத்துப் பாருங்கள். மறுமுனையில் முகம் தெரிந்து குரலும் கேட்டால்தான் அது காப்பு நகல்.