கன்னி நாய் வாங்கலாம்னு இருக்கீங்களா?

கன்னி நாய் ஓடுற ரீல்ஸைப் பார்த்துட்டு "எப்படியாவது ஒரு குட்டி வாங்கணும்டா"ன்னு சொல்றவங்க நம்ம ஹாஸ்டல்லயே நிறைய இருக்கீங்க. வாங்குறதுக்கு முன்னாடி, அது எந்த மண்ணுக்கான நாய்னு தெரிஞ்சுக்கோங்க.

விளாத்திகுளம் பக்கத்துல நாகலாபுரம். அங்கேருந்து எட்டயபுரம், கோவில்பட்டி வரைக்கும் கரிசக்காடு. உளுந்தும் கம்பும் அறுத்து, பருத்திமாரைப் பிடுங்கிட்டா கண்ணுக்கெட்டுன தூரம் வெட்டவெளிதான். இந்தப் பொட்டல்ல முயலை மோப்பம் பிடிச்சுத் தேட வேண்டியதில்லை. கண்ணால பார்த்து, விரட்டிப் பிடிக்கணும். அந்த வேலைக்குன்னே தலைமுறை தலைமுறையா வளர்த்தெடுத்த நாய் கன்னி.

நீளமான முகம், ஒடுங்கின தலை. நெஞ்சுக்கூடு ஆழமா இறங்கியிருக்கும். நுரையீரலுக்கும் இதயத்துக்கும் அங்கே இடம் வேணுமே. வயிறு ஒட்டிப்போய், விலா எலும்பு லேசா தெரியும். பட்டினி போட்டுட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க, வாகே அப்படித்தான். முதுகு கறுப்பு; முகம், நெஞ்சு, கால்ல பழுப்பு; கண்ணுக்கு மேல ரெண்டு பழுப்புப் பொட்டு. வெளிர் நிறத்துல இருந்தா பால்கன்னி. விருதுநகர் மாவட்டத்து ஊர்ப் பேரைக் கொண்ட சிப்பிப்பாறையும் இதே வாகுதான். நிறம்தான் வேற, ரெண்டும் ஒரே இனம்னு சொல்றவங்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள்ள நாம போக வேண்டாம்.

மெக்கானிக்கல்காரங்க அந்த ரீல்ஸை ஸ்லோமோஷன்ல ஓட்டிப் பாருங்க. குதிரை நாலுகால் பாய்ச்சல்ல ஓடும்போது, ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் நாலு காலும் தரையை விட்டு எழும்பும். இந்த வகை நாய்க்கு ரெண்டு தடவை: உடம்பைச் சுருக்கும்போது ஒண்ணு, நீட்டும்போது ஒண்ணு. முதுகெலும்பு வில்லு மாதிரி வளைஞ்சு நிமிருது. கால் மட்டுமில்ல, முதுகும் சேர்ந்துதான் ஓடுது.

குணம்? லாப்ரடார் மாதிரி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் வாலாட்டாது. புது ஆளைக் கண்டா ஒதுங்கும். வளர்த்தவங்ககிட்ட உசுரா இருக்கும். அதட்டினா சுருங்கிப்போயிடும். சொன்ன பேச்சைக் கேட்கும்தான், ஆனா எதிர்ல ஏதாவது ஓடுச்சுன்னா உங்க குரல் அதுக்குக் கேட்காது. முயல், பூனை, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் அதுக்கு ஒண்ணுதான். முடிவெடுத்துத் தனியா விரட்டுறதுதானே அதோட வேலையா இருந்துச்சு.

அந்த வேலை இப்போ இல்லை. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். சட்டம் சரிதான், அதுல எனக்குச் சந்தேகமில்லை. ஆனா சட்டம் வந்ததுக்காக நாயோட கால் ஓட்டத்தை மறந்துடுமா? 2020 ஆகஸ்ட்ல பிரதமர் 'மன் கி பாத்'ல கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம், கோம்பைன்னு நம்ம ஊர் நாய்களைப் பேர் சொல்லிப் பாராட்டினார். பாராட்டைக் கேட்டு வாங்கி, ரெண்டாவது மாடி பால்கனியில சங்கிலி போட்டுக் கட்டினா, அது நாள் பூரா குலைச்சே ஓயும், இல்ல சோபாவைக் கிழிக்கும். "முரட்டு நாய்"னு பேரும் வாங்கும்.

ஊர்ல தோட்டமோ காடோ இருந்து, அப்பா அம்மாவும் சரின்னா தாராளமா வாங்குங்க. தினமும் வேலி போட்ட இடத்துல அவுத்துவிட்டு ஓடவிடுங்க. வேலி ஆள் உசரத்துக்கு இருக்கட்டும், இடுப்பளவுன்னா தாண்டிடும். உடம்புல கொழுப்பு கம்மி, ரோமமும் குட்டை. மார்கழிப் பனியில வெறுந்தரையில படுக்கவிடாம ஒரு சாக்கு விரிச்சுப் போடுங்க.