கண்ணுக்குத் தெரியாத விரிசல்

1905ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிராக்டன் நகரில் ஒரு காலணித் தொழிற்சாலையின் கொதிகலன் வெடித்து 58 பேர் உயிரிழந்தனர். ஆணிகளால் இணைக்கப்பட்ட தகடுகளின் இணைப்பில் மறைந்திருந்த விரிசலே அதற்குக் காரணம். இத்தகைய விபத்துகளே அந்நாட்டில் கடுமையான விதிமுறைகள் உருவாக வழிவகுத்தன.

இன்று சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் உள்ள ஆலைகளிலும் உயர் அழுத்தத்தைத் தாங்கும் கலன்கள் பல இயங்குகின்றன. எஃகுத் தகடுகளை வளைத்து, விளிம்புகளைப் பற்றவைத்து அவற்றை உருவாக்குகின்றனர். தகடு உறுதியாக இருந்தாலும், பற்றவைத்த இடத்தில் குறை மறைந்திருக்கலாம். எனவே, பொறியாளர்கள் ‘இணைப்புத் திறன்’ என்னும் எண்ணைக் கணக்கில் சேர்க்கின்றனர்.

அமெரிக்க விதிமுறைகளின் இன்றைய வடிவத்தின்படி, இருபுறமும் பற்றவைத்த இணைப்பு முழுவதையும் ஊடுகதிர்ப் படம் எடுத்துச் சோதித்தால் அவ்வெண் 1 ஆகும். சில இடங்களை மட்டும் சோதித்தால் 0.85, சோதிக்காவிட்டால் 0.70. எண் குறைந்தால் தகட்டின் தடிமனைக் கூட்ட வேண்டும். முழுச் சோதனையுடன் 10 மில்லிமீட்டர் தகடு போதுமான கலனுக்கு, சோதனை இல்லையெனில் ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் தேவைப்படும்.

சிங்கப்பூரில், மனிதவள அமைச்சு அங்கீகரித்த பரிசோதகர் சோதித்த பின்னரே இத்தகைய கலன்களைப் பயன்படுத்தலாம். கண்ணுக்குத் தெரியாத குறைக்கும் கணக்கில் இடம் ஒதுக்குவது, அருகில் பணிபுரிவோரின் உயிரைக் காக்கிறது.