கொடைக்கானல் தைலம்: வலியைக் குறைக்குமா, மறக்க வைக்குமா?

கொடைக்கானல் டூர் போய்விட்டு வந்தவர்கள் பையில் மூன்று பொருள் கட்டாயம் இருக்கும்: ஹோம்மேட் சாக்லேட், மலைப்பூண்டு, ஒரு பாட்டில் தைலம். சாக்லேட் இரண்டு நாளில் காலி. பூண்டு ரசத்துக்குப் போய்விடும். தைலம் மட்டும் அலமாரியில் வருஷக்கணக்கில் நிற்கும். லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டால், 'அந்தத் தைலத்தை எடு' என்று குரல் வரும்.

எந்தத் தைலம்? அங்கே வலிக்கென்று விற்பவற்றில் முக்கியமானவை இரண்டு: யூகலிப்டஸ், விண்டர்கிரீன். இரண்டும் வேலை செய்யும் விதம் வேறு. ஆபத்தும் வேறு.

ஒன்று வந்த மரம், ஒன்று சொந்தச் செடி

யூகலிப்டஸ் ஆஸ்திரேலிய மரம். 19-ம் நூற்றாண்டில் விறகுத் தேவைக்காக நீலகிரியில் நட்டார்கள். பழனி மலைக்கும் வந்தது. 'நீலகிரித் தைலம்' என்பது இதன் இலையில் எடுப்பதுதான்.

விண்டர்கிரீன், பழனி மலையிலேயே இயற்கையாக வளரும் புதர்ச்செடி. தாவரவியல் பெயர் கால்தீரியா ஃப்ராக்ரன்டிசிமா. இலையைக் கசக்கினால் வலி ஆயின்மென்ட் வாசனை அப்படியே வரும். காரணம் இருக்கிறது. பல ஆயின்மென்ட் டியூப்களின் பின்பக்கம் 'கந்தபூரா தைலம்' என்று போட்டிருப்பது இந்த எண்ணெயைத்தான்.

யூகலிப்டஸ் என்ன செய்கிறது?

இதன் முக்கியச் சரக்கு சினியோல். தோலில் குளிர்ச்சியை உணரும் நரம்பு முனைகளை இது தூண்டுகிறது. மூளைக்குக் குளிர்ச்சி, லேசான எரிச்சல் என்ற செய்தி போக, வலிச் செய்தி பின்னால் தள்ளப்படுகிறது. வலி 'மறக்கிறது' என்பது ஏறக்குறைய சரிதான்.

வீக்கம் குறையுமா? எலிகளிடம் குறைந்ததாக 2003-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. மனிதர்களிடம் கதை அவ்வளவு நேரானதல்ல. தென் கொரியாவில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 52 பேரிடம் நடந்த ஆய்வு 2013-ல் வெளியானது. ஒரு பிரிவினர் யூகலிப்டஸ் எண்ணெயை 3 நாள், தினம் 30 நிமிடம் முகர்ந்தார்கள். இன்னொரு பிரிவினர் பாதாம் எண்ணெயை. யூகலிப்டஸ் பிரிவில் வலி குறைந்தது. ஆனால், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பாதாம் எண்ணெயில் அந்தக் காரமான வாசனை கிடையாது; தனக்குக் கிடைத்தது எது என்று நோயாளி மூக்காலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

விண்டர்கிரீன்: ஆஸ்பிரினின் உறவுக்காரர்

விண்டர்கிரீன் தைலத்தில் பெரும்பகுதி, அதாவது 95 சதவீதத்துக்கும் மேல், மெத்தில் சாலிசிலேட். தோல் வழியாக உள்ளே போனதும் இது சாலிசிலிக் அமிலமாக மாறுகிறது. ஆஸ்பிரினும் உடலுக்குள் அப்படித்தான் மாறுகிறது. வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை இது மட்டுப்படுத்துகிறது. அதாவது, இது வெறும் வாசனை எண்ணெய் அல்ல. மருந்து.

மருந்து என்றால் அளவு முக்கியம். ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. விண்டர்கிரீன் தைலம், சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். 325 மி.கி. மாத்திரை 21-ஐ ஒரே மூச்சில் விழுங்கியதுபோல. குழந்தை ஒரு வாய் குடித்தாலே உயிருக்கு ஆபத்து.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

• வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர்கள்: விண்டர்கிரீன் தைலத்தைத் தோலில் தேய்த்தாலே ரத்தக்கசிவு அபாயம் கூடலாம். ஆஸ்பிரின் அலர்ஜி உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

• வலிப்பு நோய் உள்ளவர்கள்: யூகலிப்டஸ், கற்பூரத் தைலங்கள் வலிப்பைத் தூண்டலாம் என்று தென்னிந்திய நரம்பியல் மருத்துவர்கள் ஆய்வு செய்து எச்சரித்திருக்கிறார்கள்.

• கைக்குழந்தைகள்: சளிக்கு மூக்கருகில், நெஞ்சில் தடவும் பழக்கம் வேண்டாம். இரண்டு தைலத்தையும் யாரும் குடிக்கவே கூடாது.

சரி, எப்படிப் பயன்படுத்துவது?

சில சொட்டுகளைத் தேங்காய் எண்ணெயில் கலந்து தடவினால் போதும். வெட்டுக்காயம், கண் பக்கம் போகக் கூடாது. தடவிய இடத்தில் ஹாட் பேக் வைப்பது பலர் செய்யும் தப்பு. சூடு பட்டால் மருந்து அதிகமாக உள்ளே இறங்கும், தோலும் புண்ணாகலாம்.

தசைப்பிடிப்பு, வேலைக் களைப்பு போன்ற வலிகளுக்கு இது கைகொடுக்கும். கால் மரத்துப்போவது, காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்குவது போன்றவற்றுக்குத் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது.

இன்றைக்கு அலமாரியைத் திறந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். லேபிளே இல்லை என்றால், உள்ளே இருப்பது எது என்று வாசனையை வைத்து முடிவு செய்ய வேண்டாம். லேபிள் இருந்தால், குழந்தைக்கு எட்டாத தட்டுக்கு மாற்றுங்கள்.